சக்கரக் காற்றுக்குக் காவல்

பெங்களூர் நகர மண்டபத்தை அடுத்துத் தொடங்கி, ரவீந்திர கலாக்ஷேத்திரத்தின் வாசலைக் கடந்து, மினர்வா வட்டம் வரையில் செல்லும் சாலைக்கு மைசூரின் கடைசி மகாராஜாவான ஜயசாமராஜேந்திர உடையாரின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அம்முழுப் பெயரையும் சொல்ல அவகாசமில்லாத நகரவாசிகள் அதை ஜே.சி. ரோடு என்று சுருக்கிக்கொண்டு பல காலமாயிற்று. புதுக் கார் வாங்கியவர் இருக்கைக்கு உறை போடவும், பழைய கார் வைத்திருப்பவர் உடைந்த விளக்குக்கு மாற்றுத் தேடவும் வந்து சேரும் இடம் இது. இங்குள்ள கடைகளில், ஹாரன்களுக்கும் மிதியடிகளுக்கும் நடுவே, சில வருஷங்களாக ஒரு சிறு அட்டைப்பெட்டியும் இடம் பிடித்திருக்கிறது. அதனுள் இருப்பவை கட்டைவிரல் நுனியளவு பருமனுள்ள நான்கு மூடிகளும், சூரிய வெளிச்சத்தில் தானே சக்தியேற்றிக்கொள்ளும் சின்னத் திரை ஒன்றுந்தான். மூடிகளைச் சக்கரங்களின் வால்வுகளில் திருகி, திரையை ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டிவிட்டால், நான்கு டயர்களிலும் எவ்வளவு காற்று இருக்கிறது, எவ்வளவு சூடு ஏறியிருக்கிறது என்பதை வண்டி ஓடும்போதே அது இலக்கங்களாகக் காட்டும்.

இந்தப் பெட்டியை வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்ற கேள்வி இக்காலத்தது. ஆனால் அக்கேள்விக்கு மூலமான கவலை, காற்றடைத்த சக்கரம் பிறந்த அன்றே பிறந்துவிட்டது. ஒவ்வொரு காலத்திலும் அந்தக் கவலையை யார் சுமந்தார்கள், எந்தப் புலனைத் துணையாகக் கொண்டு சுமந்தார்கள் என்று ஆராய்ந்து பார்த்தால், மோட்டார்ப் பிரயாணத்தின் சௌகரியங்கள் பெருகப் பெருக, மனிதனுடைய கண்ணும் காதும் கையும் ஒவ்வொன்றாகக் காவலிலிருந்து ஓய்வுபெற்ற வரலாறு புலப்படும். அவ்வரலாற்றை அறிந்தவனே அந்தப் பெட்டியையும் சரியாகத் தேர்ந்தெடுப்பான் என்பது நமது அபிப்பிராயம்.

ஓடும் காரின் பாரத்தைத் தாங்குவது டயருக்குள் அடைபட்ட காற்றே என்பதைக் கணக்குப் போட்டே அறிந்துகொள்ளலாம். ஆயிரம் கிலோ எடையுள்ள காரில் ஒரு சக்கரத்தின் பங்கு சுமார் 250 கிலோ. சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு என்று நாம் அடிக்கும் காற்று, சதுர சென்டிமீட்டர் கணக்கில் 2.3 கிலோ அழுத்தமாகும். 250 கிலோவை இதனால் வகுத்தால் வருவது சுமார் 108 சதுர சென்டிமீட்டர். அதாவது ஓர் உள்ளங்கை அகலம். குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் வாகனம் பூமியைத் தொடுவது அத்தகைய நான்கு உள்ளங்கைகளால்தான். காற்று குறையும்போது டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடிந்து நிமிர்கிறது. மடிப்பிலிருந்து சூடு பிறக்கிறது. சூடு ரப்பரையும் அதனுள் பொதிந்த இழைகளையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கிறது. நெடுஞ்சாலையில் திடீரென்று வெடித்ததாக நாம் படிக்கும் டயர்களில் பல, உண்மையில் திடீரென்று வெடித்தவை அல்ல; பல நாளாகக் காற்றுக் குறைந்து, சில மணி நேரமாக வெந்து, கடைசியில் கைவிட்டவை.

காற்றைச் சக்கரத்தில் அடைக்கலாம் என்ற யோசனை முதலில் தோன்றியது ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்கு. ரப்பர் பூசிய துணிக்குழாயைத் தோலுறைக்குள் வைத்து, 1845இல் அவர் உரிமை பெற்றார்; இரண்டு வருஷம் கழித்து லண்டன் ரீஜண்ட் பூங்காவில் குதிரை வண்டிகளுக்குப் பூட்டி ஓட்டியும் காட்டினார். மோட்டாரோ சைக்கிளோ இல்லாத அக்காலத்தில் அவருடைய கற்பனைக்குத் தேவை பிறக்கவில்லை; உலகம் அதை மறந்துவிட்டது. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் பிள்ளையின் மூன்று சக்கரச் சைக்கிளுக்காக அதையே மறுபடியும் கண்டுபிடித்து 1888இல் உரிமை பெற்றபோதுதான், காற்று சக்கரத்தில் நிலையாகக் குடியேறியது. 1895ஆம் வருஷத்துப் பாரிஸ்–போர்தோ–பாரிஸ் பந்தயத்தில் மிஷலின் சகோதரர்கள் காற்றடைத்த டயர்களோடு ஒரு காரை ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர் ஒட்டிக்கொண்டே போனார்களாயினும், எதிர்காலம் எந்தப் பக்கம் என்பதைக் காட்டிவிட்டார்கள்.

காற்றை அடைப்பதோடு அதைக் காக்கவும் அளக்கவும் வேண்டுமல்லவா? ஜெர்மனியிலிருந்து நியூயார்க்கில் குடியேறிய ஆகஸ்ட் ஷ்ரேடர் என்பவரின் தொழிற்கூடம், 1890களின் முற்பகுதியில் உருவாக்கிய வால்வுதான் இன்றைக்கும் உலகத்துக் கார்ச் சக்கரங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. பேனாவைப்போலச் சட்டைப்பையில் செருகிக்கொள்ளும் அழுத்தமானியையும் (கேஜ்) அந்தத் தொழிற்கூடத்தாரே 1909இல் உரிமை செய்தனர். இவற்றுக்கு இடையில், 1904இல், வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரின் ஸ்டெப்னி தெருவில், காற்றுப் போன சக்கரத்தின் மேலேயே பிடித்து மாட்டும் உபரிச் சக்கரம் ஒன்று விற்பனைக்கு வந்தது. வால்வு, கேஜ், ஸ்டெப்னி ஆகிய மூன்றும் மோட்டார் இந்தியாவில் பரவியபோது அதனோடு கூடவே பரவின. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் காற்றுக் காவலின் ஆயுதங்கள் இவ்வளவே.

மைசூர் ராஜ்யத்துச் சாலைகளிலும் பெங்களூர் தண்டுப் பிரதேசத்திலும் மோட்டார்கள் ஓடத் தொடங்கியபோது, அவை அந்தச் சாலைகளை ஜட்கா வண்டிகளோடும் கட்டை வண்டிகளோடும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. குதிரைக்கும் லாடம் உண்டு, மாட்டுக்கும் லாடம் உண்டு. தேய்ந்த லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் சாலைப் புழுதியில் புதைந்து கிடந்து, அருமையான வெளிநாட்டு டயர்களைப் பதம் பார்த்தன. தமிழ்நாட்டில் மோட்டார்ப் போக்குவரத்துக்கு வழிவகுத்தவர்களில் முதல்வராகிய டி.வி. சுந்தரம் அய்யங்கார், தமது பஸ்கள் நேரம் தவறாமல் ஓட வேண்டும் என்பதற்காக, காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைச் சாலைகளில் ஓட்டி லாட ஆணிகளைப் பொறுக்கியதாக மதுரைப் பக்கத்தில் சொல்வார்கள். பஞ்சர் ஆன பிறகு ஒட்டுவதைக் காட்டிலும், ஆவதற்கு முன்னமே ஆணியை அகற்றுவது மேல் என்ற எண்ணம் வியாபாரத்துக்கு மட்டுமன்றி விவேகத்துக்கும் அடையாளம். பழைய டயர்களுக்கு மறுபடி ரப்பர் பூசும் தொழிலையும் அவர் ஆரம்பித்தார் என்பது, டயரை ஒரு செல்வமாகக் கருதிய காலத்தின் குணத்தைக் காட்டுகிறது.

டயர் இந்நாட்டிலேயே பிறக்கத் தொடங்கியதும் அக்காலத்தில்தான். வங்காளத்துச் சாகாகஞ்சில் டன்லப் தொழிற்சாலை 1936இல் தோன்றியது. அதன் தென்னிந்தியக் கிளை 1959இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் எழுந்தது. திருவொற்றியூரில் 1946இல் பலூன் பொம்மைகள் செய்து பிழைப்பைத் தொடங்கிய கே.எம். மாம்மன் மாப்பிள்ளையின் ஸ்தாபனம், 1961இல் டயர் செய்ய ஆரம்பித்து எம்.ஆர்.எஃப். என்று பெயர் பெற்றது. கர்நாடகத்தில் மைசூர் நகரத்து விக்ராந்த் டயர்கள் வெகுகாலம் புழங்கின. அத்தொழிற்சாலையை 1997இல் ஜே.கே. டயர் நிறுவனத்தார் ஏற்றுக்கொண்டனர். இவ்வாறு டயர்கள் பெருகினாலும், அவற்றுக்குள் இருந்த காற்றைக் கவனிக்கும் முறை மட்டும் மாறவில்லை.

அந்த முறையைக் கலாசிபாளையத்தில் லாரிகள் நிற்கும் இடங்களில் கூர்ந்து பார்த்திருப்பவர்களுக்கு அதன் நேர்த்தி தெரியும். டிரைவர் தேநீர் குடிக்க இறங்கியதும், கிளீனர்ப் பையன் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு முழ நீள இரும்புக்கம்பியை உருவிக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவான். ஒவ்வொரு டயரிலும் ஓர் அடி. நன்றாகக் காற்றுள்ள டயர் கம்பியைத் துள்ளச் செய்து ‘டிங்’ என்று பதில் சொல்லும். குறைந்த டயர் கம்பியை வாங்கிக்கொண்டு ‘தொப்’பென்று மங்கலாகப் பேசும். பின்னச்சில் ஜோடியாகப் பூட்டிய இரண்டு சக்கரங்களில் உள்சக்கரத்தின் காற்றுப் போயிருந்தால் வெளிச்சக்கரம் அதைக் கண்ணுக்குக் காட்டாமல் மறைத்துவிடும். கம்பியின் ஓசை ஒன்றே அதைக் காட்டிக்கொடுக்கும். அழுத்தம் எத்தனை பவுண்டு என்று அந்தப் பையனுக்குத் தெரியாது. ஆனால் நேற்றைய ஓசைக்கும் இன்றைய ஓசைக்கும் உள்ள வித்தியாசம் அவனுக்குத் தெரியும். காவல் என்பதன் சாரம் அதுவே.

காவல் தவறியபோது போய்ச் சேரும் இடம் பஞ்சர் கடை. சாலையோரத்து மரத்தில் கட்டித் தொங்கவிட்ட ஒரு கிழட்டு டயர்தான் அதன் விளம்பரப்பலகை. ஒரு கம்ப்ரஸர், இரண்டு லீவர்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி ஆகியவை மூலதனம். கடைக்காரர் பெரும்பாலும் மலையாளியாகவோ தமிழராகவோ இருப்பார். டியூபை வெளியே இழுத்துக் காற்றேற்றி, தொட்டி நீரில் பகுதி பகுதியாக அமுக்கிச் சுற்றிக்கொண்டே வருவார். ஓரிடத்தில் நூல் கோத்ததுபோலக் குமிழிகள் எழும். அந்த இடத்தைத் துடைத்து, குறி போட்டு, அரத்தால் சுரண்டி, சொல்யூஷன் தடவி, அது சற்று உலரும் மட்டும் பொறுத்திருந்து ஒட்டுப் போடுவார். இவ்வளவோடு அவர் நின்றுவிட்டால் அரைத் தொழிலாளி; டியூபை மறுபடி உள்ளே தள்ளுவதற்கு முன் டயரின் உட்புறம் முழுவதையும் விரல் நுனிகளால் மெல்லத் தடவி, துளைத்த ஆணியின் முனை இன்னும் அங்கே இருக்கிறதா என்று பார்ப்பவரே முழுத் தொழிலாளி.

இவ்விதம் கண், காது, கை மூன்றும் காவலில் இருந்தவரையில் தனிக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. அவற்றை ஓய்வுபெறச் செய்தது டயரின் அபிவிருத்தியேதான். அமெரிக்காவில் குட்ரிச் நிறுவனம் 1940களின் பிற்பகுதியில் டியூப் இல்லாத டயரை அறிமுகம் செய்தது. 1955 முதல் அந்நாட்டுப் புதுக் கார்களில் அதுவே வழக்கமாயிற்று. நம் நாட்டுக் கார்களில் அது பரவியது மிகவும் பிற்காலத்தில். டியூப் உள்ள டயரில் ஆணி ஏறினால் சில நிமிஷங்களில் சக்கரம் தரையோடு தரையாக உட்கார்ந்துவிடும். எவரும் ஏமாற இடமில்லை. டியூப்லெஸ் டயரோ ஏறிய ஆணியைத் தானே இறுகப் பற்றிக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பவுண்டு வீதம் ரகசியமாகக் காற்றைக் கசியவிடும். இது பெரிய வரப்பிரசாதம். நடுக்காட்டில் சக்கரம் மாற்றும் அவஸ்தையிலிருந்து நம்மைக் காப்பாற்றிவிட்டது. கூடவே, நோயை நாட்கணக்கில் மறைத்துவைக்கும் சாமர்த்தியத்தையும் டயருக்குக் கொடுத்துவிட்டது.

இரண்டாவது மாற்றம் ரேடியல் டயர். மிஷலின் நிறுவனத்தார் 1940களில் வகுத்த இந்த முறையை, 1977இல் ஜே.கே. நிறுவனத்தார் இந்தியாவில் கொண்டுவந்தார்கள். ரேடியலின் பக்கச்சுவர் மென்மையானது. சரியான காற்று இருக்கும்போதும் அடியில் சற்றுப் பிதுங்கியே நிற்கும். ஆகவே, 32 பவுண்டு உள்ள ரேடியலையும் 24 பவுண்டு உள்ள ரேடியலையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், பழகிய கண்ணும் தடுமாறும். கண் இவ்வாறு ஓய்ந்தது. பவர் ஸ்டியரிங் வந்ததும், காற்றுக் குறைந்த பக்கமாக வண்டி இழுப்பதைக் கை உணர முடியாமல் போயிற்று. குளிர்சாதனத்துக்காகக் கண்ணாடிகளை ஏற்றிவிட்ட பிறகு, சக்கரத்தின் ஓசை காதுக்கு எட்டவில்லை. கிளீனர்ப் பையன் என்ற பதவியே கார்களுக்கு இல்லை. எஞ்சியவர் பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் ஊழியர் ஒருவர். இலவசமாகக் காற்றடித்துக் கொடுப்பது பங்குகளின் கடமை என்று எண்ணெய் நிறுவனங்களின் விதிகள் கூறுகின்றன. “எவ்வளவு சார்?” என்று அவர் கேட்பார், நாமும் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்க்காமலே, “முப்பத்திரண்டு” என்று எதையோ சொல்வோம். இருவரும் அவசரத்தில் இருக்கிறோம். இதைக் காவல் என்று சொல்ல இயலாது.

இந்தச் சூழ்நிலையில்தான் பெங்களூர் வெளிவட்டச் சாலையில் பழைய லாட ஆணி புது வேஷத்தில் திரும்பி வந்தது. 2010களின் நடுவில், மென்பொருள் நிறுவனங்கள் வரிசையாக நிற்கும் அச்சாலையில் தினமும் வேலைக்குப் போய்வந்த பொறியாளர் ஒருவர், தம் வண்டி அடிக்கடி பஞ்சராவதைக் கண்டு சந்தேகம் கொண்டு, காந்தம் கட்டிய கோல் ஒன்றால் சாலையோரத்தைத் துழாவத் தொடங்கினார். ஒரே மாதிரியான சின்ன ஆணிகள் கிலோக்கணக்கில் அவர் கைக்குச் சிக்கின. அவற்றில் லாடத்தின் வாசனை இல்லை. வியாபாரத்தின் வாசனை இருந்தது. பஞ்சர் ஒட்டிப் பிழைப்பவர்களில் சிலரே ஆணி தூவுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. செய்தித்தாள்கள் அந்தப் பொறியாளரைப் புகழ்ந்து எழுதின. சுந்தரம் அய்யங்காரின் காந்த வண்டிக்கும் இந்தக் காந்தக் கோலுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தும், உபாயம் ஒன்றாகவே இருந்தது. ஆனால் ஒவ்வொரு காலையும் ஒருவர் சாலையைப் பெருக்கிக்கொண்டிருப்பார் என்று நகரத்தின் பல லட்சம் வாகனங்களும் நம்பியிருக்க முடியாது. ஆணி ஏறிவிட்டது என்பதைச் சக்கரமே சொல்ல வேண்டிய நிலைமை உண்டாயிற்று.

சக்கரம் பேசக் கற்றுக்கொண்டது 1980களில். 1986இல் வெளிவந்த போர்ஷே 959 என்ற பந்தய வம்சத்துக் கார்தான், டயர் அழுத்தத்தை உணரும் கருவியோடு விற்கப்பட்ட முதல் கார் என்று கூறுவர். நடுத்தரக் குடும்பத்துக் கார்களில் ரெனோ லகூனா, 2000ஆம் வருஷத்தையொட்டி அதைப் பெற்றது. ஆயினும் அக்கருவியை ஆடம்பரம் என்ற நிலையிலிருந்து சட்டம் என்ற நிலைக்கு உயர்த்தியது ஒரு துயரம். அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் பூட்டியிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பரப்பு ஓட்டத்தில் பிய்ந்து, வண்டிகள் உருண்டு, இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2000 ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. டயரின் தயாரிப்பில் குறை இருந்தது. அதோடு அந்த வண்டிக்கு விதித்திருந்த 26 பவுண்டு அழுத்தமும் விவாதத்துக்கு இலக்காயிற்று. அவ்வருஷம் நவம்பரில் இயற்றப்பட்ட சட்டம், காற்றுக் குறைந்தால் எச்சரிக்கும் கருவியைப் புது வாகனங்களில் கட்டாயமாக்க வழிசெய்தது.

முதலில் வகுத்த விதி, ஒரே ஒரு டயரின் குறைவை மட்டும் உணரும் முறைக்கும் இடம் கொடுத்தது. பிரேக்கோடு சேர்ந்த உணரிகளைக் கொண்டு சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டு, எது வேகமாகச் சுழல்கிறதோ அதன் விட்டம் குறைந்திருக்கிறது, ஆகவே அதில் காற்றுக் குறைவு என்று ஊகிப்பது அந்த முறை. நான்கு டயர்களிலும் சமமாகக் காற்றுக் குறைந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் காற்றே பார்க்காதவர் வண்டியில் நேர்வது பெரும்பாலும் அதுதான். 2003இல் அமெரிக்க நீதிமன்றம் அவ்விதியைத் தள்ளுபடி செய்தது. திருத்திய விதி, குறித்த அழுத்தத்தில் கால்பங்கு குறைந்தால் எந்தச் சக்கரத்திலும் எச்சரிக்கை எழ வேண்டும் என்று கூறி, 2007 செப்டம்பர் முதல் எல்லா இலகுரக வாகனங்களுக்கும் அமலாயிற்று. ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் புதுக் கார்கள் அனைத்துக்கும் அது கட்டாயம். இந்தியாவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2020 ஜூலையில் வெளியான மத்திய அரசின் திருத்தம், டியூப்லெஸ் டயர்களும், பஞ்சர் ஒட்டும் சாதனமும், இந்த எச்சரிக்கைக் கருவியும் இருக்குமானால், மூன்றரை டன்னுக்கு மேற்படாத பிரயாணி வாகனங்களில் ஸ்டெப்னி வேண்டியதில்லை என்று அவ்வருஷம் அக்டோபர் முதல் அனுமதித்தது. ஸ்டெப்னி தெருவில் பிறந்த உபரிச் சக்கரத்தின் பதவிக்கு ஒரு சிறு மின்னணுக் கருவி வாரிசாகிவிட்டது.

பழைய காரில் இக்கருவியைப் பின்னால் வாங்கிப் பொருத்த விரும்புகிறவருக்கு ஜே.சி. ரோட்டில் இரண்டு ஜாதிகள் கிடைக்கும்: வால்வின் மேல் மூடியாகத் திருகுவது ஒன்று, டயரைக் கழற்றி ரிம்முக்குள் வால்வோடு பொருத்துவது மற்றொன்று. முன்னதைப் பொருத்துவதற்கு ஐந்து நிமிஷம் போதும். கடைப்பையன் பழைய பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, ஒரு நட்டை முதலில் ஏற்றி, அதன் மேல் உணரியைத் திருகி, கீழேயிருந்து நட்டைச் சிறு சாவியால் இறுக்குவான். திருடு போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. அந்தக் கணத்தில் ஒரு சூட்சுமம் நிகழ்கிறது. உணரியின் நடுவிலுள்ள ஊசி, வால்வின் உள்முள்ளை அமுக்கித் திறந்தே வைத்துவிடுகிறது. அதன் பிறகு டயரின் காற்றைக் காப்பது, நூறாண்டாகக் காத்துவந்த ஷ்ரேடர் வால்வு அன்று; உணரிக்குள் இருக்கும் சிறிய ரப்பர் வளையம் ஒன்றே. வளையம் மட்டமானதாக இருந்தால், கசிவைக் கண்டறிய வாங்கிய கருவியே கசிவுக்குக் காரணமாகும். பொருத்தியதும் நான்கு வால்வுகளிலும் சோப்பு நுரை தடவிப் பார்ப்பது இதனால்தான் அவசியம். உணரியின் பாரம் வேகத்தில் சுழலும்போது ரப்பர்த் தண்டை வெளிப்பக்கமாக இழுக்கும். ஆகையால், விரிசல் கண்ட பழைய ரப்பர் வால்வில் இதைத் திருகலாகாது.

இதைவிடப் பெரிய குறை மனித சுபாவத்தைச் சேர்ந்தது. காற்றடிக்கும் ஒவ்வொரு முறையும் நட்டைத் தளர்த்தி, உணரியைக் கழற்றி, மறுபடி இறுக்க வேண்டும். பங்கில் பின்னால் வரிசை நிற்கும். சாவி வீட்டில் இருக்கும். இந்தச் சிரமத்துக்கு அஞ்சிக் காற்றடிப்பதையே தள்ளிப்போடுகிறவர்கள் பலர். இந்த ஜாதியின் நன்மை, சக்தி தீர்ந்ததும் மூடியைத் திறந்து காசு போன்ற பேட்டரியை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்பதும், வண்டியை விற்றால் கழற்றி அடுத்த வண்டிக்குக் கொண்டுபோகலாம் என்பதும். அது காட்டும் வெப்பநிலையை மட்டும் நம்ப வேண்டாம். வால்வின் நுனியில் வெளிக்காற்றில் நிற்கும் ஒன்று, டயரின் உட்சூட்டை உள்ளபடி அறியாது.

உள்ளே பொருத்தும் ஜாதி உலோக வால்வோடு வருவது. திருட்டுக்கும் மழைக்கும் எட்டாதது. சூட்டையும் நன்றாக உணர்வது. காற்றடிக்கும் வழக்கத்தை மாற்றாதது. ஆனால் டயரைக் கழற்றி மாட்டுவதால் சக்கரத்தை மறுபடியும் பேலன்ஸ் செய்ய வேண்டும். பேட்டரியை உள்ளேயே அடைத்து மூடியிருப்பதால், சில வருஷம் கழித்து அது தீரும்போது உணரியையே மாற்ற நேரும். பஞ்சர் கடையில் லீவரைப் போடுவதற்கு முன், உள்ளே உணரி இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். துளையை அடைக்க டயருக்குள் திரவம் ஊற்றும் வழக்கமும் இதற்கு ஆகாது. எந்த ஜாதியானாலும், சக்கரங்களை முன்பின்னாக மாற்றும்போது, எந்த உணரி எந்தச் சக்கரத்தில் என்பதைத் திரைக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதை எளிதில் செய்ய முடிகிற கருவியா என்று கடையிலேயே செய்து காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குவது உத்தமம்.

பெங்களூர்வாசிகளுக்கென்றே ஒரு விசேஷம் உண்டு. நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே வெளிக்காற்றின் அழுத்தம் சென்னையில் இருப்பதைக் காட்டிலும் ஏறக்குறைய ஒன்றரைப் பவுண்டு குறைவு. சாதாரணக் கேஜ், டயரின் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தை எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையே காட்டும். டயருக்குள் அடைபட்ட உணரிக்கு வெளிக்காற்று தெரியாது. ஆகவே அவற்றில் சில, முழு அழுத்தத்தை அளந்து, கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தைக் கழித்து மிச்சத்தைக் காட்டுகின்றன. அத்தகைய கருவி, பங்கில் 33 வைத்த டயரைப் பெங்களூரில் 31½ என்று காட்டினால், அது பொய்யும் அன்று, பழுதும் அன்று. நல்ல கேஜ் ஒன்றோடு ஒரு முறை ஒப்பிட்டு, வித்தியாசத்தை மனத்தில் குறித்துக்கொண்டால் போதும். சூட்டின் கணக்கும் இதைப் போன்றதே: பத்து டிகிரி வெப்பம் ஏறினால் சுமார் ஒன்றரைப் பவுண்டு ஏறும். காலைக் குளிரில் 33 வைத்துச் சென்னைக்குப் புறப்பட்டவர் ஆம்பூரைத் தாண்டும்போது திரையில் 37ஐப் பார்த்து, பயந்துபோய்க் காற்றை இறக்கிவிடக் கூடாது. அந்த ஏற்றத்தையும் எதிர்பார்த்தே கார் செய்தவர்கள் அட்டவணையை வகுத்திருக்கிறார்கள்.

எச்சரிக்கையின் எல்லைகளை நாமே வைக்க இடம் கொடுக்கும் கருவியாகப் பார்ப்பது நல்லது. அமெரிக்க விதிப்படி கால்பங்கு குறைந்த பிறகு ஒலிப்பது என்றால், 33 பவுண்டு டயருக்கு 25இல்தான் மணியடிக்கும். அதற்குள் ஆணி ஏறிப் பல நாளாகியிருக்கலாம். கீழ் எல்லையை 28 அல்லது 29 என்றும், சூடேறும்போது வீணாக அலறாதபடி மேல் எல்லையை 42 என்றும் வைத்தால் நம் சாலைகளுக்குப் பொருந்தும். திரையில் பெரிய இலக்கமும், உரத்த ஒலியும் வேண்டும். வர்ண ஜாலங்கள் வேண்டா. கைபேசியில் மட்டும் காட்டும் கருவியைவிட, வண்டியில் தனியே நிற்கும் திரை மேல். ஓட்டும்போது கைபேசியைத் தேடுவது காற்றுக் குறைவைவிடப் பெரிய அபாயம்.

காரை ஐந்து வருஷமாவது வைத்திருக்கப் போகிறவர், அடுத்த முறை டயர் மாற்றும்போது உள்ளே பொருத்தும் ஜாதியை வாங்கிக்கொள்ளலாம் என்பது நமது தீர்ப்பு. சீக்கிரம் விற்கப் போகிறவருக்கும், செலவைச் சுருக்க விரும்புகிறவருக்கும் மூடி ஜாதியே போதும், சாவியைக் காரிலேயே வைத்திருப்பார்களானால். எதை வாங்கினாலும் இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கைக்கேஜையும் சேர்த்து வாங்குங்கள். கருவி அறிவிக்குமேயன்றிக் காற்றடிக்காது. உணர்ந்து செயல்படும் பொறுப்பு, கம்பி பிடித்த கிளீனர்ப் பையனிடமிருந்து இப்போது வண்டிக்குச் சொந்தக்காரரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பதினைந்து நாளைக்கு ஒரு முறை, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே, ஸ்டெப்னியையும் மறந்துவிடாமல் ஐந்து சக்கரங்களையும் அளந்து பாருங்கள்.